அலையைத் தொடர்ந்த அறிஞர்

கண்ணாடி இழை வழியே ஒளி செய்தி சுமந்து செல்வதை நாம் அறிவோம். அந்த ஒளித்துடிப்பு உருக்குலையாமல் ஓடும் விந்தைக்கு வித்து ஒரு கால்வாயில் கிடைத்தது என்பதை அறிந்தோர் சிலரே. அதைக் கண்ட ஜான் ஸ்காட் ரஸ்ஸலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1808இல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ அருகே பிறந்தவர் ரஸ்ஸல். 1834 ஆகஸ்டில், எடின்பரோவை அடுத்த யூனியன் கால்வாயில் குதிரைகள் இழுத்துச் சென்ற படகொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். படகு திடீரென நின்றது. அதன் முன் குவிந்த நீரோ நிற்கவில்லை. ஏறக்குறைய 30 அடி நீளமும் ஒன்றரை அடி வரை உயரமும் கொண்ட ஒரே திரளாய், மணிக்கு எட்டு ஒன்பது மைல் வேகத்தில் ஓடிற்று. அவர் குதிரைமேல் அதைப் பின்தொடர்ந்தார். ஒன்றிரண்டு மைல் சென்றபின், கால்வாயின் வளைவுகளில் அது மறைந்தது.

பிற அலைகள் விரைவில் பரவித் தேயும்போது, இது ஏன் தேயவில்லை? தோட்டத்தில் தொட்டி அமைத்துச் சோதித்தார். 1844இல் அறிக்கை வெளியிட்டார். ஏய்ரி, ஸ்டோக்ஸ் போன்ற பேரறிஞர்கள் அவர் முடிவை ஐயுற்றனர். ரஸ்ஸல் தளரவில்லை. கப்பல் கட்டும் தொழிலிலும் அவருக்குச் சோதனையே காத்திருந்தது. புரூனலுடன் சேர்ந்து உருவாக்கிய 'கிரேட் ஈஸ்டர்ன்' 1858இல் நீரில் இறங்குமுன்பே பெரும் பொருளிழப்பு நேர்ந்தது. ஆயினும் 1866இல் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பியைப் பதித்தது அக்கப்பல்தான்!

1871இல் பூசினெஸ்க்கும், 1876இல் ராலேயும் அவர் கண்ட அலைக்குக் கணித ஆதாரம் தந்தனர். 1882இல் ரஸ்ஸல் மறைந்தார். 1965இல் சபுஸ்கி, குரூஸ்கல் இருவரும் இத்தகைய அலைக்குச் 'சாலிட்டான்' எனப் பெயரிட்டனர்.

ஒளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஓர் ஒளித்துடிப்பில் பல அலைநீளங்கள் கலந்துள்ளன. இழைக்குள் அவை வெவ்வேறு வேகத்தில் செல்வதால் துடிப்பு பரவிச் சிதையும். ஆனால் ஒளியின் செறிவு மிகும்போது கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சற்றே உயர்கிறது. ஏற்ற அலைநீளத்தில், ஏற்ற செறிவில் இவ்விரு விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, துடிப்பு வடிவம் மாறாமல் செல்லும். 1973இல் ஹாசெகவாவும் டாப்பர்ட்டும் இதைக் கணித்தனர். 1980இல் மொலெனாவர் குழுவினர் சோதனையில் மெய்ப்பித்தனர்.

நம் ஆய்வுக்கூடத்திலும் பாடநூலில் இல்லாத ஒன்று என்றேனும் கண்ணில் படலாம். அதைப் பிழையென்று உடனே ஒதுக்கிவிடாமல், ஒரு மைலாவது தொடர்ந்து செல்லும் துணிவு நமக்கும் வேண்டும் என்பேன்.