ஜேன் ஆடம்ஸ்

ஜேன் ஆடம்ஸ் (செப்டம்பர் 6, 1860 – மே 21, 1935) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சமூகப் பணியாளர், எழுத்தாளர், அமைதிச் செயற்பாட்டாளர் ஆவார். சிக்காகோ நகரின் ஹல் இல்லத்தை நிறுவிய இருவருள் ஒருவர். 1931 ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசை நிக்கலஸ் மரே பட்லருடன் பகிர்ந்து கொண்டார். இப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் இவரே.

இளமை

இலினொய் மாநிலத்திலுள்ள சிடார்வில் என்னும் சிற்றூரில் பிறந்த இவர் இரண்டு வயதில் தாயை இழந்தார். தந்தை ஆலை உரிமையாளராகவும் மாநில செனட் உறுப்பினராகவும் இருந்தார். 1881 இல் ராக்ஃபோர்டில் கல்வியை முடித்தார். அதே ஆண்டில் தந்தையும் காலமானார். ஏழைகளுக்கு மருத்துவம் செய்யும் விருப்பத்துடன் பிலடெல்பியாவில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாராயினும், முதுகெலும்பு நோயால் அப்படிப்பு நின்றுபோனது.

ஐரோப்பியப் பயணங்கள்

1883 இல் ஐரோப்பா சென்றார். கிழக்கு லண்டனில் ஒரு சனிக்கிழமை இரவு, அழுகிய காய்கறிகள் ஏலம் விடப்படுவதையும், ஏலத்தில் எடுத்த முட்டைக்கோசை ஒருவர் அங்கேயே பச்சையாகத் தின்றதையும் கண்டார். அக்காட்சி இவரை நீண்ட நாள் வருத்தியது. ஆயினும் செய்வது இன்னதென்று தெளிவாகவில்லை. இரண்டாம் பயணத்தில், 1888 இல், மத்ரித் நகரில் காளைச் சண்டையை நெடுநேரம் பார்த்திருந்தார். வெறும் பார்வையாளராகவே காலம் கழிவதை எண்ணி அன்றிரவு வெட்கினார். பின்னர் லண்டனின் டாயின்பீ மண்டபத்திற்குச் சென்றார். அங்கே பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழைகளின் நடுவிலேயே குடியிருந்து தொண்டாற்றி வந்தனர்.

ஹல் இல்லம்

நாடு திரும்பிய இவர், தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889 செப்டம்பர் 18 அன்று சிக்காகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினார். இத்தாலியர், செருமானியர், கிரேக்கர், யூதர் எனப் பல நாட்டுக் குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. கலையையும் இலக்கியத்தையும் பகிரும் எண்ணத்துடனேயே தோழியர் வந்தனர். அயலாருக்கோ, வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. எனவே மழலையர் பள்ளியும் குழந்தைக் காப்பகமும் விரைவில் தோன்றின. காலப்போக்கில் இல்லம் 13 கட்டடங்களாக விரிந்தது.

தெருக்களில் குப்பை அள்ளப்படாமல் கிடந்ததால், 1895 இல் அவ்வட்டத்தின் குப்பை மேற்பார்வையாளர் பதவியை ஏற்று, விடியலிலேயே குப்பை வண்டிகளின் பின்னே சென்று வேலையைக் கண்காணித்தார். இவருடைய பணிகளுள் அதிகம் பேசப்படாததும் மிகவும் பயன்பட்டதும் இதுவெனலாம்.

1896 இல் உருசியாவில் டால்ஸ்டாயைச் சந்தித்தார். உடலுழைப்பை வலியுறுத்திய அவரது கருத்தால் ஈர்க்கப்பட்டு, நாள்தோறும் இரண்டு மணிநேரம் ரொட்டி சுடுவதென முடிவெடுத்தார். ஆனால் சிக்காகோவில் உதவி வேண்டிக் காத்திருந்தவர்களைக் கண்டதும் அம்முடிவைக் கைவிட்டார்.

போரெதிர்ப்பு

1915 இல் ஹேக் நகரில் கூடிய பன்னாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1917 இல் அமெரிக்கா போரில் இறங்கிய பின்னரும் எதிர்ப்பைக் கைவிடாததால், அதுவரை போற்றிய செய்தித்தாள்களே இவரைக் கடுமையாகத் தாக்கின. 1919 இல் செருமனிக்குச் சென்று, பட்டினியால் வாடிய குழந்தைகளின் நிலையை நேரில் கண்டு, அவர்களுக்கு உணவு அனுப்பத் தம் நாட்டில் ஆதரவு திரட்டினார். பகை நாட்டுக்கு இரங்குவதாக மீண்டும் பழிக்கப்பட்டார்.

மறைவு

1935 இல் சிக்காகோவில் காலமானார். உடல் சிடார்வில்லில் அடக்கம் செய்யப்பட்டது. 1960களில் பல்கலைக்கழக வளாகம் அமைக்க ஹல் இல்லத்தின் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. எஞ்சிய முதல் மாளிகை அருங்காட்சியகமாக்கப்பட்டது.