பதிவேடு பார்த்த நைட்டிங்கேல்

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் கையில் விளக்கேந்திய பெண்மணியின் படம்தான் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வாழ்நாளெல்லாம் லெட்ஜர் புரட்டிய எனக்கோ, அவர் பார்த்த கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

1820-இல் வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். கிரிமியப் போரில் காயமடைந்த பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கவனிக்க, 1854 நவம்பரில் 38 நர்சுகளுடன் துருக்கியில் உள்ள ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த டாக்டர்களுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. நைட்டிங்கேல் சண்டைக்குப் போகவில்லை. டாக்டர்கள் கேட்கும்வரை எந்த நர்சும் வார்டுக்குள் போகக் கூடாது என்று தன் ஆட்களைத்தான் கட்டுப்படுத்தினார். சில நாட்களில் காயம்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள், டாக்டர்களே கூப்பிட்டார்கள். நம்மை வேண்டாதவர்கள் இருக்கும் ஆபீசில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படியும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில், நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியில் இருந்த சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்று வர வழி செய்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஜூனில் அந்த 42, வெறும் 2 ஆனது. (நம் கழிவுநீர்ப் பராமரிப்புச் செலவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் கவனிக்கவும்!)

அங்கே இறப்புப் பதிவேடுகள் மூன்று இருந்தன. ஒன்று சொன்னதை இன்னொன்று சொல்லவில்லை. அன்றைய கணக்கு டேலி ஆகாமல் வீட்டுக்குக் கிளம்பாத எங்களைப் போன்றவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும். ஊர் திரும்பியபின், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் நிபுணரின் துணையோடு கணக்கை முழுவதும் அலசினார். காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்கள்தான் மிக அதிகம். அதிலும் தான் இருந்த ஸ்குடாரியில்தான் நிலைமை படுமோசம்.

நாடே அவரைத் தெய்வமாகக் கொண்டாடிய நேரம் அது. மூடி வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ 1858-இல் தன் செலவிலேயே அறிக்கையாக அச்சடித்து, முக்கியஸ்தர்களுக்கு அனுப்பினார். எண்களைப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக, மாதத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்த வண்ண வட்டப் படமும் போட்டார். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் கழகம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. 1860-இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் நர்சுப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

1910-இல், 90 வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தும் குடும்பத்தார் ஏற்கவில்லை. கிராமத்துச் சர்ச் வளாகத்தில், குடும்பக் கல்லறையில் அவருக்கென்று பொறித்திருப்பது பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டுமே.