பாலர் நேசர் பிரெட் ராஜர்ஸ் சரித்திரம்

பெரியோர்களின் ஜீவிய சரித்திரங்களை வெளியிடுங்கால், அரசரையும் போர்வீரரையும் தேசத் தலைவரையுமே தேர்ந்தெடுப்பது பத்திரிகைகளின் வழக்கம். இம்மாதம் நாம் எழுதப் புகுந்தவரோ அவ்வரிசையிற் சேர்ந்தவரல்லர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பிட்ஸ்பர்க் என்னும் எஃகாலை நகரத்தில், பொதுஜனங்களின் நன்கொடையால் நடைபெற்ற ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து, நாலைந்து பிராயமுள்ள குழந்தைகளோடு தம் ஆயுளின் பெரும்பகுதியும் பேசிக்கொண்டிருந்தவர் அவர். குழந்தைகளோடு பேசுதல் ஒரு பெரிய காரியமா என்று நம் நேயர்களிற் சிலர் ஐயுறலாம். வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை உடையோர் ஐயுறமாட்டார் என்பது நமது துணிபு.

பிரெட் ராஜர்ஸ் 1928-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி பென்சில்வேனியா மாகாணத்து லாட்ரோப் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பிட்ஸ்பர்க்குக்குத் தென்கிழக்கே சுமார் 40 மைல் தூரத்திலுள்ளது அவ்வூர். தந்தையார் செங்கற் கம்பெனி முதலிய தொழில்களை நடத்திய செல்வர். தாயார் நான்சி அம்மையார் ஓயாது கம்பளிச் சட்டை பின்னுபவர். யுத்த காலத்தில் போர்வீரர்க்கெனவும் பின்னியவர். செல்வத்துக்குக் குறைவில்லை, ஆனால் சிறுவனுக்குச் சுகமில்லை. ஆஸ்துமா என்னும் சுவாச உபத்திரவத்தால் பல நாட்கள் அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தான். தேகம் பருத்திருந்தமையால் பள்ளிப் பிள்ளைகள் அவனைப் பரிகசித்தனர். ஒருநாள் தெருவிலே துரத்தவும் செய்தனர். அதைக் குறித்து வருந்தியபோது, வருத்தமில்லாதவன்போற் காட்டிக்கொள் என்று பெரியோர்கள் புத்தி கூறினார்கள். அந்தப் புத்தி அவனுக்கு ஒருநாளும் ஏற்கவில்லை. உள்ள வருத்தத்தை இல்லையென்று எதற்காகச் சொல்லவேண்டும்? இக்கேள்வி அவரைப் பிற்காலத்திலும் விட்டதில்லை.

தனித்திருந்த அந்நாட்களில் அவனுக்குத் துணையாயிருந்தவை கைப்பாவைகளும் பியானோ வாத்தியமுமே. ஐந்து பிராயத்திலேயே வாசிக்கத் தொடங்கினான். பாட்டியார் வாங்கிக் கொடுத்த பெரிய பியானோவை அவர் தம் ஆயுள் முழுவதும் வைத்திருந்தார். தாய்வழிப் பாட்டனார் பிரெட் மக்பீலி என்பவர், பேரன் எப்படியிருக்கிறானோ அப்படியே தமக்குப் பிரியமானவன் என்று அடிக்கடி சொல்லுவாராம். பாட்டனார் பேச்சைப் பேரன் மறக்கவில்லை. பின்னாளில் தம் நிகழ்ச்சியில் வந்த தபாற்காரருக்கு மக்பீலி என்றே பெயரிட்டார்.

கலாசாலைப் படிப்பு டார்ட்மத்தில் ஆரம்பித்து, புளோரிடா மாகாணத்து ராலின்ஸ் கலாசாலையில் 1951-ல் சங்கீதத்திற் பட்டம் பெற்று முடிந்தது. அங்கேதான் பியானோ வல்லுநரான ஜோவான் பர்ட் என்னும் மாதரசியைக் கண்டார். 1952-ல் விவாகம் நடந்தது. படிப்பு முடியுந் தறுவாயில், வேத கலாசாலையிற் சேர்ந்து கிறிஸ்தவக் குருவாவதென்பது அவரது எண்ணம். விடுமுறைக்கு ஊர் வந்தபோது, அப்பொழுது புதிதாய் வந்திருந்த தொலைக்காட்சிப் பெட்டியொன்று வீட்டிலிருந்தது. அதிலே ஒருவர் முகத்தில் ஒருவர் பலகாரத்தை எறிந்து சிரித்துக்கொண்டிருந்தனர். இத்துணை அற்புதமான யந்திரம் மனிதரை இழிவுபடுத்தவா பயன்பட வேண்டுமென்று அவர் மனம் வெறுத்தது. வெறுத்தவர் பெட்டியை மூடிவிட்டுப் போகவில்லை. நியூயார்க்குக்குச் சென்று என்.பி.ஸி. நிலையத்தில் எடுபிடி வேலையில் அமர்ந்து, தொழிலை அடியிலிருந்து கற்றார்.

1953-ல் அப்பெரு நகரத்து உத்தியோகத்தை விட்டு, இன்னும் ஒளிபரப்பே தொடங்காத பிட்ஸ்பர்க் நிலையத்துக்கு அவர் திரும்பியதைச் சிநேகிதர் பலரும் பைத்தியக்காரத்தனம் என்றே கருதினர். டபிள்யூ.க்யூ.இ.டி. என்பது அந்நிலையத்தின் பெயர். 1954 ஏப்ரலில் அங்கே குழந்தைகளுக்கென ஒரு நிகழ்ச்சி தொடங்கிற்று. திரையிலே தோன்றிப் பாடியவர் ஜோஸி கேரி என்ற பெண்மணி. ராஜர்ஸோ திரைக்குப் பின்னால் நின்று பாவைகளை ஆட்டினார், வாத்தியம் வாசித்தார், பாட்டுக்கள் அமைத்தார். நிலையத் தலைவியான டாரதி டேனியல் அம்மையார் முதல் நாளுக்கு முந்திய இரவில் ஒரு புலிப் பாவையைப் பரிசாகக் கொடுத்தார். அம்மையார் பெயராலேயே அதற்கு டேனியல் என்று பெயரிட்டனர். இரவற் படச்சுருள்களைக் காட்டுவதே முதலில் ஏற்பாடு. பழஞ்சுருள் நடுவிலே அறுந்துபோக, இடைவெளியை நிரப்ப வேறு வழியின்றி, கடிகாரச் சித்திரத்தில் ஒரு துவாரமிட்டுப் புலியை எட்டிப்பார்க்கச் செய்தார் ராஜர்ஸ். அப்புலி அன்றுமுதல் அவரோடேயே இருந்தது. அது பயந்த சுபாவமுள்ள புலி. அதன் வாயிலாக வந்தது பழைய லாட்ரோப் சிறுவனின் குரலேயென்று அவரை நன்கறிந்தோர் கூறுவர்.

பாவைகளுக்கும் பியானோவுக்குமிடையே ஓடும்போது கடினமான பாதரட்சைகள் சப்தமிட்டபடியால் அவர் ரப்பர் அடியுள்ள துணிச் சப்பாத்துக்களைத் தரித்தார். பிற்காலத்தில் உலகமறிந்த அச்சப்பாத்தின் உற்பத்தி இவ்வளவே.

மத்தியான உணவு வேளையில் வேத கலாசாலைக்குச் சென்று பாடங் கேட்டு, 1962-ல் தேறி, 1963-ல் பிரெஸ்பிடீரியன் சபைக் குருவாக அபிஷேகம் பெற்றார். தொலைக்காட்சி வாயிலாகக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் தொண்டு புரிவதே அவருக்குச் சபையார் விதித்த ஊழியம். ஆயினும் நிகழ்ச்சியில் அவர் மதப் பிரசங்கம் செய்ததில்லை. எம்மதத்துக் குழந்தையும் தன்னை அந்நியமென எண்ணலாகாதென்பது அவர் கருத்து. அக்காலத்திலேயே பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் குழந்தை மனோதத்துவ நிபுணரான மார்கரெட் மக்பார்லண்ட் அம்மையாரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1988-ல் அம்மையார் காலமாகும்வரை, எழுதிய நிகழ்ச்சிகளையும் பாட்டுக்களையும் கையிலெடுத்துக்கொண்டு வாரந்தோறும் சென்று யோசனை கேட்பார். புகழ் பெற்றபின்னும் முப்பது வருஷம்வரை ஒருவரிடம் மாணாக்கராயிருத்தல் எத்தனை பேரால் இயலும்? அம்மையார் ஒருகால் ஒரு சிற்பியைக் குழந்தைகளிடையே வரவழைத்தாராம். பாடஞ் சொல்ல வேண்டாம், அவர்கள் எதிரிலே அமர்ந்து தாம் விரும்பும் களிமண் வேலையைச் செய்தாற் போதும் என்றாராம். அந்தப் பருவத்தில் அப்பிள்ளைகள் களிமண்ணில் செய்தவை முன்னும் பின்னும் காணாதவையென்று ராஜர்ஸ் சொல்லிக்கொண்டிருப்பார்.

1963-ல் கனடா தேசத்து டொரண்டோவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கிருந்த ரெயின்ஸ்பெரி என்னும் அதிகாரி, திரைக்குப் பின்னின்றவரை முகத்தோடு முன்னே நிற்கும்படி வற்புறுத்தினார். 35-வது பிராயத்திலேதான் ராஜர்ஸின் முகம் நிகழ்ச்சிக்குரிய முகமாயிற்று. 1966-ல் பிட்ஸ்பர்க் திரும்பினார். 1968-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 19-ந் தேதி முதல் அவர் நிகழ்ச்சி தேசமெங்கும் ஒளிபரப்பாகி, 2001 ஆகஸ்டு வரை 895 நாள் நிகழ்ச்சிகளாக நடைபெற்றது.

அதன் அமைப்பைச் சிறிது விரித்துரைப்போம். ராஜர்ஸ் பாடிக்கொண்டே வீட்டுக்குள் வருவார், மேற்சட்டையைக் கழற்றிக் கம்பளிச் சட்டையை அணிவார், சப்பாத்தை மாற்றுவார். அக்கம்பளிச் சட்டைகள் தாயார் கையாற் பின்னியவை. அவற்றுளொன்று 1984-ல் வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்குச் சென்றது. தொட்டி மீன்களுக்கு இரையிடுவார். கண்பார்வையற்ற ஒரு குழந்தை, மீனுக்கு இரை கிடைத்ததோவென அறியாமல் அழுவதாகக் கடிதம் வந்தபின், இரையிடும்போதெல்லாம் அதை வாயினாலும் சொல்லி வந்தார். பின்பு ஒரு சிறு டிராம் வண்டி பாவைகளின் கற்பனை ராஜ்யத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும். வர்ணக்குச்சி எப்படிச் செய்கிறார்களென்று ஆலைக்குள் சென்றும் காட்டுவார். ஜானி காஸ்டா என்னும் பெரிய வித்துவான் படமெடுக்கும் போதே உடனிருந்து பியானோ வாசித்தார். குழந்தைகளுக்கென்று வாசிப்பின் தரத்தைக் குறைத்தாரில்லை. எல்லாம் நிதானம். மற்ற நிகழ்ச்சிகள் ஓட, இது நடக்கும். சில வேளை நின்றே விடும். வளர்ந்தோர்க்குச் சலிப்புத் தட்டுமென்பதை நாம் மறைக்கவில்லை. ஆயின் அது வளர்ந்தோர்க்காக ஏற்பட்டதன்று.

அந்த நிதானத்துக்குள்ளே அவர் எடுத்துப் பேசிய விஷயங்களைக் கேட்டால் நேயர்கள் வியப்பர். ஸ்நானத் தொட்டியின் துவாரத்து வழியே தண்ணீரோடு தானும் போய்விடுவோமோ என்று குழந்தைக்கு ஒரு பயம் உண்டு. நாம் சிரித்துவிட்டு அப்பாற் போவோம். அவரோ சிரிக்காமல், அது நடவாதென்பதை ஒரு பாட்டாகவே செய்து பாடினார். 1970-ல் ஒரு நாள் நிகழ்ச்சியில் தொட்டியிலே ஒரு மீன் செத்துக் கிடந்தது. உப்புநீரிலிட்டுப் பார்த்தார், பிழைக்கவில்லை. எடுத்துத் தோட்டத்திற் புதைத்தார். சிறு பிராயத்தில் தம் நாய் இறந்தபோது தாம் அழுததைச் சொன்னார். 1968 ஜூன் மாதம் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு மாண்டபோது, சில நாட்களுக்குள்ளேயே பெற்றோர்க்கென ஒரு விசேஷ நிகழ்ச்சி அமைத்தார். அதிலே டேனியல் புலி, பலூனிலிருந்து போன காற்று எங்கே போயிற்றென்று முதலிற் கேட்டு, பிறகு கொலை என்றால் என்னவென்று கேட்டது. 1981-ல் ஒரு வாரம் முழுதும் விவாக ரத்தைக் குறித்தே பேசினார். குழந்தைகள் காதில் இவை விழலாகாதென்று நம் வீடுகளில் கதவைச் சாத்துகிறோம். சாத்திய கதவின் மறுபுறம் நின்று கேட்கும் குழந்தைக்கு விடை சொல்ல அவர் ஒருவர் முன்வந்தார்.

1969 மே மாதத்து நிகழ்ச்சியொன்றை இவ்விடத்தில் தனியே சொல்லவேண்டும். கறுப்பர்கள் வெள்ளையரோடு ஒரே குளத்தில் நீந்தலாகாதென்ற பகைமை அந்நாட்டில் அப்பொழுதும் மாறவில்லை. 1964-ல் புளோரிடாவில் ஒரு விடுதிக் குளத்தில் இறங்கிய கறுப்பர் இருக்கும்போதே விடுதிக்காரர் அமிலத்தை ஊற்றினார். தண்ணீரைத் தொட்டால் தீட்டென்னும் விபரீதத்தைத் தமிழ்நாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை. ராஜர்ஸ் ஒரு சிறு தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கால்களை நனைத்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் வேடந்தரித்த கறுப்புப் பாடகர் பிரான்ஸ்வா கிளெம்மன்ஸ் அவ்வழி வந்தார். அவரையும் கால் நனைக்க அழைத்து, இருவரும் ஒரே துவாலையாற் கால் துடைத்தனர். பிரசங்கம் ஒன்றுமில்லை.

அதே கிளெம்மன்ஸ் ஆண்மக்கள்பாலே காதல் கொள்ளும் இயல்புடையவர். அதனை வெளியிடலாகாதென்றும், வெளிப்பட்டால் பொருளுதவி நின்று நிகழ்ச்சியே கெடுமென்றும் ராஜர்ஸ் அவரைத் தடுத்தார். உள்ளபடியே உன்னை நேசிக்கிறேன் என்னும் கருத்தைத் தினமும் பாடியவர் இவ்விஷயத்தில் காலத்துக்குப் பணிந்தார் என்பதை மறைத்து எழுதுதல் சரித்திரமாகாது. கிளெம்மன்ஸ் இதனை வருத்தத்தோடே எழுதியிருக்கிறார். எனினும் ராஜர்ஸைத் தந்தைபோற் பாவித்ததாகவும் அவரே எழுதுகிறார். 1993-ல் இருவரும் அத்தொட்டிக் காட்சியை மறுபடி நடித்தபோது, கிளெம்மன்ஸின் கால்களை ராஜர்ஸே துடைத்து விட்டார்.

1969 மே மாதம் 1-ந் தேதி அவர் ஸெனட் சபைக் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். பொதுத் தொலைக்காட்சிக்கு 2 கோடி டாலர் தருவதென்ற ஏற்பாட்டை ஜனாதிபதி நிக்ஸன் பாதியாகக் குறைக்க விரும்பிய சமயம் அது. தலைமை வகித்த பாஸ்டோரி என்பவர் கடுகடுப்புக்குப் பேர்போனவர். காலைமுதல் பலர் வாசித்த அறிக்கைகளால் சலித்துமிருந்தார். ராஜர்ஸ் தம் அறிக்கையை வாசிக்காமல், குழந்தை கோபத்தை யாரையும் புண்படுத்தாமல் அடக்கப் பழகுவது எவ்வாறென்று ஆறு நிமிஷம் பேசி, கோபத்தைக் குறித்த தம் பாட்டின் அடிகளையும் சொன்னார். பாஸ்டோரி மயிர்க்கூச்செறிந்ததாக ஒப்புக்கொண்டு, அப்பணத்தை அவர் சம்பாதித்துவிட்டார் என்னும் பொருள்பட அங்கேயே தீர்ப்புரைத்தார்.

பணத்தைக் குறித்து மேலும் ஒன்று. குழந்தைகளை நோக்கி விளம்பரஞ் செய்து சரக்கு விற்பதை அவர் பாவமாகவே எண்ணினார். 1984-ல் ஓர் உணவுக் கம்பெனி அவரைப்போல வேஷமிட்ட நடிகனைக்கொண்டு விளம்பரஞ் செய்ய, நேரே பேசி அதை நிறுத்துவித்தார். பெருஞ்செல்வராயிருக்கக் கூடியவர், லாபங் கருதாத சங்கமொன்றை நிறுவி அதன் வாயிலாகவே தொழிலை நடத்தினார்.

அதிகாலையில் எழுந்து ஜெபம், பின்பு நீச்சல். மது, புகை, மாமிசம் மூன்றும் இல்லை. தேகத்தின் எடை பல வருஷம் 143 ராத்தலாகவே இருந்தது. ஆங்கிலத்தில் அன்பை அறிவிக்கும் மூன்று சொற்களில் முறையே 1, 4, 3 எழுத்துக்கள் இருத்தலால் அவ்வெண்ணில் அவருக்கு அளவிலா மகிழ்ச்சி. குழந்தைகள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் பதில் போகும்.

1981-ல் ஜெப் எர்லாங்கர் என்ற பத்து வயதுச் சிறுவன், கைகால் வழங்காமல் மின்சார நாற்காலியிலே நிகழ்ச்சிக்கு வந்தான். நாற்காலி எப்படி ஓடுகிறது, ஏன் அது வேண்டியதாயிற்று என்றெல்லாம் ராஜர்ஸ் ஒளிவின்றிக் கேட்டார். பையன் வைத்தியர் போல விளக்கினான். பின் இருவரும் சேர்ந்து பாடினர். ஒத்திகை இல்லை. 1999-ல் ராஜர்ஸுக்குத் தொலைக்காட்சியாளர் சபையில் பெருங் கௌரவம் செய்தபோது, முன்னறிவிப்பின்றி வாலிபரான ஜெப் மேடைக்கு வந்தார். எழுபது பிராயங் கடந்த கிழவர் பிரமுகர் கூட்டத்தைப் பாராமல் மேடைமீது தாவியேறி அவரிடம் சென்றார்.

2000 டிசம்பரில் கடைசி நிகழ்ச்சியைப் படமெடுத்தனர். 2002-ல் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. அவ்வருஷக் கடைசியில் வயிற்றில் புற்றுநோய் கண்டது. சத்திர சிகிச்சை பலிக்கவில்லை. 2003-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 27-ந் தேதி, 74-வது பிராயத்தில், பிட்ஸ்பர்க்கில் தம் வீட்டிலேயே காலமானார். பிறந்த லாட்ரோப்பில், யூனிட்டி கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்தனர். ஜோவான் அம்மையார் 2021 ஜனவரியில் கணவரைப் பின்தொடர்ந்தார். பிட்ஸ்பர்க் ஆற்றங்கரையில் 2009-ல் நாட்டிய வெண்கலச் சிலையில், ராஜர்ஸ் உட்கார்ந்து சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.