எடித் ஸ்ரைன்: பெண்பிள்ளைகளுக்கு உடலையும் விசுவாசத்தையும் சேர்த்துக் கற்பித்த ஆசிரியை

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதம் யேர்மனியின் கேவலார் மாதா திருத்தலத்தில் எம்மவர்கள் கூடுகிறார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் வந்து, தமிழில் திருப்பலி கண்டு, மருதமடு மாதாவை நினைத்து மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்புகிறோம். அங்கிருந்து எல்லையைத் தாண்டினால் நெதர்லாந்தின் எக்ற் என்ற சிறிய ஊர் அதிக தூரமில்லை. 1942ஆம் ஆண்டு இதே ஆகஸ்ட் மாதத்தில், அந்த ஊரின் கார்மேல் மடத்திலிருந்து ஐம்பது வயது அருட்சகோதரி ஒருவரை நாசிப் படையினர் பிடித்துச் சென்றார்கள். ஏழு நாட்களில் அவர் ஒளஷ்விற்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவர்தான் எடித் ஸ்ரைன். துறவறப் பெயர் சிலுவையின் தெரேசா பெனடிக்ரா.

அவரைப் புனிதையாகவும் மெய்யியலாளராகவும் அறிந்தவர்கள் எம்மிடையே பலர் உண்டு. ஆனால் மடத்துக்குப் போகும் முன் அவர் பத்து ஆண்டுகள்வரை ஆசிரியையாக இருந்தவர். வளரும் பெண்பிள்ளைகளுக்கு விசுவாசம் என்றால் என்ன, உடல் என்றால் என்ன, பெண்ணாக இருப்பது என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தவர். நாம் இங்கே முக்கியமாகப் பேச விரும்புவது அந்த ஆசிரியையைப் பற்றித்தான்.

1891ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆம் திகதி பிறெஸ்லாவ் நகரில், யூதர்களின் பாவப்பரிகாரப் பெருநாளன்று அவர் பிறந்தார். அன்று யேர்மனியில் இருந்த அந்த நகரம் இன்று விறொட்ஸ்வாவ் என்ற பெயரில் போலந்தில் இருக்கிறது. பதினொரு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அதில் நால்வர் சிறுவயதிலேயே இறந்துபோனவர்கள். எடித்துக்கு இரண்டு வயது நிறையுமுன் தந்தையும் போய்விட்டார். மரவியாபாரம் கடனில் நின்றது. விற்றுவிட்டு ஒதுங்கச் சொன்ன உறவினர்களின் பேச்சைக் கேளாமல் தாய் அவுகுஸ்ற அதைத் தானே ஏற்று நடத்தி, ஏழு பிள்ளைகளையும் ஆளாக்கினார். பெண்ணால் என்ன முடியும் என்ற கேள்விக்கு எடித் பின்னாளில் எழுதிய எல்லாவற்றுக்கும் முதல் சான்று அவருடைய அம்மாதான் என்று நாம் நினைக்கிறோம்.

தாய் பக்தியான யூதப்பெண். மகளோ பதின்னான்கு, பதினைந்து வயதில் வேண்டுமென்றே செபிப்பதை நிறுத்தினார். படிப்பையும் இடையில் விட்டு ஹம்பேர்க்கில் இருந்த அக்காவின் வீட்டில் சில மாதங்கள் இருந்தார். பிறகு திரும்பி வந்து படித்து, 1911இல் பல்கலைக்கழகம் புகுந்தார். அக்காலத்தில் பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையாகச் சேர்க்கத் தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கத்திலும் அவர் சேர்ந்தார். 1913இல் ஹுஸேர்ல் என்ற பெரும் மெய்யியலாளரிடம் படிப்பதற்காகக் கோட்டிங்கன் நகருக்குப் போனார்.

1915இல், முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, தாய் தடுத்தும் கேளாமல் செஞ்சிலுவைச் சங்கத் தாதியாக மொறாவியாவிலிருந்த இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றார். தொற்றுநோய்ப் பிரிவு அது. ஒரே கட்டடத்தில் பல மொழி பேசும் படையினர் காய்ச்சலில் கிடந்தார்கள். அவர்களைக் கழுவித் துடைத்து, ஊட்டிவிட்டு, இறந்தவர்களின் கண்களை மூடிவிட்ட பெண்தான் அடுத்த ஆண்டு ஆய்வேட்டை முடித்தார். இன்னொருவரின் வேதனையை நாம் எப்படி அறிகிறோம் என்பதே அதன் பொருள். உடலில் தெரிவதிலிருந்துதான் நாம் மற்றவரின் மனதைக் கண்டுகொள்கிறோம், உடல் வெறும் கூடு அல்ல என்று அதில் எழுதினார். அதற்காக 1916இல் அதியுயர் சித்தியோடு கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்த எண்ணம் அவரைக் கடைசிவரை விட்டுப் போகவில்லை.

அதன்பின் ஹுஸேர்லின் உதவியாளராக இருந்தார். பேராசிரியராகும் தகுதிக்கு விண்ணப்பித்தபோது, 1919இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் பெண் என்ற காரணத்துக்காக அவருடைய ஆய்வை ஒழுங்காகப் பரிசீலிக்கவே இல்லை. அவர் சும்மா இருக்கவில்லை. பிரஷ்ய அமைச்சுக்கு எழுதினார். பெண் என்பது அந்தத் தகுதிக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று 1920 பெப்ரவரியில் அமைச்சு அறிவித்தது. அவருக்கு அதனால் ஒரு பதவியும் கிடைக்கவில்லை. பின்வந்த பெண்களுக்குப் பாதை திறந்தது.

விசுவாசம் அவரிடம் மெல்ல மெல்லத்தான் வந்தது. 1917இல் போர்முனையில் கொல்லப்பட்ட ஆசிரியர் றைனாகின் இளம் மனைவியைப் பார்க்கப் போனபோது, உடைந்து கிடப்பார் என்று எண்ணிய பெண் சிலுவையைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்பதைக் கண்டார். 1921 கோடையில் பேர்க்ஸாபேர்ண் என்ற ஊரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அவிலா தெரேசாவின் தன்வரலாறு கையில் கிடைத்தது. 1922 சனவரி முதலாம் திகதி திருமுழுக்குப் பெற்றார். கத்தோலிக்கரல்லாத தோழி ஹெட்விக் ஆயரின் அனுமதியோடு ஞானத்தாயாக நின்றார். செய்தியைக் கேட்ட அம்மா அழுதார். எடித் வீட்டுக்குப் போகும் நாட்களில் அம்மாவோடு யூத செபக்கூடத்துக்கும் கூடப் போனார். அங்கே அம்மா செபித்த அதே சங்கீதங்களைத் தானும் செபித்தார்.

1923இல் ஸ்பையர் நகரில் டொமினிக்கன் சகோதரிகளின் புனித மக்தலேனா பாடசாலையில் ஆசிரியையானார். யேர்மன் மொழியும் வரலாறும் அவருடைய பாடங்கள். ஆசிரிய பயிற்சிக்கு வந்த இளம்பெண்களும் அவரிடம் படித்தார்கள். எட்டு ஆண்டுகள் மடத்தின் ஒரு சிறு அறையில் வாழ்ந்தார். சம்பளத்தில் தன் தேவைக்கு மிஞ்சியதை எடுத்துக்கொள்ளவில்லை.

1928 முதல் கத்தோலிக்க ஆசிரியைகளின் கூட்டங்களில் பேச அழைப்புகள் வந்தன. லூட்விக்ஸ்ஹாபன், சால்ஸ்பேர்க், சூரிச் என்று பல ஊர்களில் பேசினார். பெண்பிள்ளைகளின் கல்வியைப் பெண்களைக் கேளாமலே ஆண்கள் வகுத்துவைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய முதல் முறைப்பாடு. வெறும் பாடத்தைத் தலைக்குள் திணிப்பதும் படிப்பல்ல. உணர்ச்சியை மட்டும் ஊட்டி வளர்ப்பதும் படிப்பல்ல. உணர்ச்சி சரியா பிழையா என்று தானே எடைபோடப் பிள்ளைக்கு அறிவு வேண்டும் என்றார்.

ஆணையும் பெண்ணையும் பற்றி அவர் கற்பித்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆன்மாதான் உடலுக்கு வடிவம் கொடுக்கிறது என்ற புனித தோமா அக்குவினாஸின் கருத்தை அவர் ஏற்றுக்கொண்டவர். ஆகவே உடல் வேறாக இருந்தால் உள்ளத்தின் சாயலும் வேறாக இருக்கும் என்று கருதினார். பெண்ணின் மனம் உயிருள்ளதை, முழு மனிதரை நோக்கிச் சாய்கிறது. ஆணின் மனம் வேலையை, பொருளை நோக்கிச் சாய்கிறது என்றார். இன்றைய இளம்பெண்கள் இதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். எமக்கும் இந்தப் பிரிப்பு அப்படியே பொருந்தும் என்று தோன்றவில்லை. கடையையும் தொழிலையும் விட்டு நகராத அம்மாமாரையும், பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்த அப்பாமாரையும் நாம் கண்டிருக்கிறோம். அவருடைய அம்மாவே அதற்குள் அடங்காதவர்.

ஆனால் அவர் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. ஒவ்வொருவரும் முதலில் மனிதர், பிறகு ஆண் அல்லது பெண், அதோடு வேறெவரும் போலில்லாத தனி ஆள் என்றார். ஆகவே பெண் செய்ய முடியாத தொழில் என்று ஒன்று இல்லை என்று, 1930களின் தொடக்கத்தில், கத்தோலிக்க மேடைகளில் நின்று சொன்னார். தொடக்கநூலில் பெண் துணையாகப் படைக்கப்பட்டாள் என்பதை ஆணுக்கு எதிரே சமமாக முகம் பார்த்து நிற்பவள் என்று விளக்கினார். ஆண் பெண்ணை அடக்கி ஆள்வது கடவுள் வைத்த ஒழுங்கு அல்ல, பாவத்தின் விளைவு என்றார். இரு பாலாருக்கும் உரிய குறைகள் உண்டு. ஆண் வேலைக்குள் மூழ்கி மனிதர்களை மறப்பான், பெண் மனிதர்களுக்குள் மூழ்கித் தன்னை மறப்பாள். ஒருவர் குறையை மற்றவரிடம் கற்றுத் திருத்த வேண்டும். இரண்டும் நிறைவாகச் சேர்ந்திருப்பது கிறிஸ்துவிடம் என்பது அவர் கற்பித்த வழி.

உடலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசாமல் விடுவதை அவர் ஏற்கவில்லை. மடத்துச் சகோதரிகளுக்கு உலகம் தெரியாது என்று மாணவிகள் நினைத்துவிட்டால், பிறகு அவர்கள் சொல்லும் எதையும் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்பதை அவர் கண்டிருந்தார். அன்றைய இளம்பெண்கள் போருக்குப் பிந்திய குழப்பத்தில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய கேள்விகளைத் தெரிந்துகொண்டு, திருமணம், தாய்மை, பாலுணர்வு எல்லாவற்றையும் பயமுறுத்தாமல், மதிப்போடு, உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

இந்த இடத்தில் எம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய மண்டபம் எடுத்து, நூற்றுக்கணக்கானவர்களுக்கு அழைப்பு அனுப்பி, வீடியோக்காரரை வைத்து நாம் சாமத்தியவீடு செய்கிறோம். அந்தப் பிள்ளைக்குத் தன் உடலில் என்ன நடந்தது, அது ஏன் நல்லது என்று உட்காரவைத்துச் சொன்ன தாய்மார் எத்தனை பேர்? பாடசாலை சொல்லும் என்று வீடு விடுகிறது. பாடசாலை உயிரியலை மட்டும் சொல்கிறது. மறைக்கல்வி வகுப்பு கட்டளைகளைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. ஆண்பிள்ளைகளுக்கோ ஒரு மண்டபமும் இல்லை, ஒரு பேச்சும் இல்லை.

1932இல் அவர் மூன்ஸ்ரர் நகரத்துக் கல்வியியல் நிறுவனத்தில் விரிவுரையாளரானார். ஓராண்டுகூட முழுதாக அங்கே நிலைக்க முடியவில்லை. கிட்லர் ஆட்சிக்கு வந்தபின், 1933 பெப்ரவரி 25ஆம் திகதி நடத்தியதே கடைசி விரிவுரை. யூத வம்சம் என்பதால் அவருக்குக் கற்பிக்கும் வாசல் அடைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் பாப்பரசர் பதினோராம் பத்திநாதருக்குக் கடிதம் எழுதி, யூதர்களுக்கு நடப்பதைத் திருச்சபை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும் என்று கேட்டார். வத்திக்கானிலிருந்து அவருக்கும் குடும்பத்தினருக்கும் ஆசீர் வந்தது; கேட்ட கண்டனம் வரவில்லை. அந்தக் கடிதம் எழுபது ஆண்டுகள் ஆவணக் காப்பகத்தில் இருந்து, 2003இல்தான் வெளியே வந்தது. உலகத்தின் வாசல்களில் மனுக் கொடுத்துக் காத்திருந்த எமக்கு இதை வாசிக்கும்போது அதிக விளக்கம் தேவைப்படாது.

ஒக்ரோபரில் கொலோன் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். மக்கள் துன்பப்படும் நேரத்தில் மகள் மடத்துக்குப் போகிறாள் என்பது எண்பத்து நான்கு வயதுத் தாய்க்குத் தாங்க முடியாததாக இருந்தது. அம்மா 1936இல் இறந்தார். அக்கா றோசா அதன்பிறகே திருமுழுக்குப் பெற்றார். 1938 நவம்பரில் யூத செபக்கூடங்கள் எரிக்கப்பட்டபின், தன்னால் மடத்துக்கு ஆபத்து வரும் என்று எடித் அவ்வாண்டின் கடைசி நாளில் எல்லை தாண்டி எக்ற் மடத்துக்குப் போனார். பின்னர் றோசாவும் அங்கு வந்து சேர்ந்தார். உடன்பிறந்தவர்களில் சிலர் அமெரிக்காவுக்கும் ஒருவர் கொலம்பியாவுக்கும் தப்பினார்கள். தப்பாதவர்களும் இருந்தார்கள்.

நெதர்லாந்தும் யேர்மனியர் கையில் விழுந்தது. சுவிஸில் லு பாக்கியே என்ற இடத்துக் கார்மேல் மடம் எடித்தை ஏற்கச் சம்மதித்தது. அக்காவை விட்டுவிட்டுப் போக அவர் விரும்பவில்லை. இருவருக்குமான பத்திரங்கள் அலுவலகங்களுக்கிடையில் அலைந்துகொண்டிருந்தன. 1942 யூலை 26ஆம் திகதி நெதர்லாந்தின் கத்தோலிக்க ஆயர்கள் யூதர்களை நாடுகடத்துவதைக் கண்டித்த மேய்ப்புப்பணி மடலைக் கோயில்களில் வாசிக்கச் செய்தார்கள். மௌனமாக இருந்தால் திருமுழுக்குப் பெற்ற யூதர்களை விட்டுவைப்போம் என்ற பேரத்தை அவர்கள் ஏற்கவில்லை. பழிவாங்கலாக ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 2ஆம் திகதி, கத்தோலிக்கரான யூதர்கள் கைதுசெய்யப்பட்டார்கள். எடித்தும் றோசாவும் அவர்களில் இருவர்.

வெஸ்ரர்போர்க் இடைத்தங்கல் முகாமில், அதிர்ச்சியில் உறைந்துபோன தாய்மார் கவனியாமல் விட்ட குழந்தைகளை எடித் கழுவி, தலைவாரி, உணவு கொடுத்துப் பார்த்தார் என்று உயிர்தப்பிய ஒருவர் பின்னர் சொன்னார். மொறாவியாவில் படையினரைக் கழுவிய அதே கைகள். ஆகஸ்ட் 7ஆம் திகதி புகையிரதம் புறப்பட்டது. ஒன்பதாம் திகதி எல்லாம் முடிந்தது.

1998 ஒக்ரோபர் 11ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதையாக அறிவித்தபோது யூத மக்களில் பலர் மனம் நொந்தார்கள். அவர் கிறிஸ்தவர் என்பதற்காக அல்ல, யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டார் என்றார்கள். ஆயர்களின் மடலுக்கான பழிவாங்கல் என்று திருச்சபை சொன்னது. இரண்டும் உண்மை. ஆனால் ஒரு மக்களின் இழப்பை வேறொருவர் தம்முடையதாக எழுதிவிடும்போது வரும் நோவு எமக்கும் தெரிந்ததுதான். அந்த முறைப்பாட்டை இலேசாகத் தள்ளிவிடக்கூடாது.

கற்பிக்கும் வேலை பறிபோன 1933இலேயே அவர் இன்னொரு நூலையும் எழுதத் தொடங்கியிருந்தார். யூதர்களை வெறுக்கும்படி சிறுவயது முதலே பழக்கப்படும் யேர்மன் இளையோருக்கு, ஒரு யூதக் குடும்பம் உண்மையில் எப்படி வாழ்ந்தது என்று சொல்வதற்காக. அம்மாவின் மரக்காலை, அக்காமாரின் சண்டைகள், பெருநாள் சாப்பாடு, பல்கலைக்கழகத் தோழர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கொலோனிலிருந்து எக்ற் வரை அந்தத் தாள்கள் அவர் பின்னால் போயின. அங்கேயும் சில பக்கங்கள் எழுதினார். 1916ஆம் ஆண்டு, கலாநிதிப் பட்டத்துக்கான பரீட்சை நடக்கும் இடத்தில் அந்த நூல் நின்றுவிடுகிறது.