புகைக்குக் கணக்கு எழுதியவர்

கெடாவின் இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவும்போது புகை எழுவதில்லை. ஆனால், அம்மரத்திற்கு இட்ட உரத்தை உருவாக்க ஆலையில் எரிபொருள் எரிந்தது. சேகரித்த பாலைக் கனவுந்து சுமந்து செல்கிறது. அப்பால் கையுறையாக மாறுவதற்குத் தொழிற்சாலையில் வெப்பமும் மின்சாரமும் வேண்டும். அப்படியானால், ஒரு சோடிக் கையுறைக்காக வெளியேறிய கரிம வாயு எவ்வளவு? அதனை யாருடைய கணக்கில் எழுதுவது? இவ்வினாக்களுக்கு விடை தேட வழிவகுத்தவர் பொருளியல் அறிஞர் வாசிலி லியொன்டிஃப்.

லியொன்டிஃப் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வளர்ந்தவர். அவருடைய தந்தையும் ஒரு பொருளியல் பேராசிரியரே. 1921-ஆம் ஆண்டு, பதின்ம வயதிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கல்விச் சுதந்திரத்திற்காகக் குரல் கொடுத்ததால் பலமுறை சிறைப்பட்டார். 1925-இல் அவர் உடலில் தோன்றிய கட்டியைப் புற்றுநோய் எனக் கருதிய அதிகாரிகள், நாட்டைவிட்டு வெளியேற அனுமதித்தனர். அது புற்றுநோயன்று என்பது பின்னரே தெரியவந்தது. பெர்லினில் முனைவர் பட்டம் பெற்ற அவர், சீனாவில் இரயில்வே ஆலோசகராகச் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, 1932-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இணைந்தார்.

அங்கு அவர் பெரும் உழைப்பைக் கோரும் பணி ஒன்றை மேற்கொண்டார். இரயில் ஓட நிலக்கரி தேவை. நிலக்கரியைக் கொண்டுசெல்ல இரயில் தேவை. ஒன்றையொன்று சார்ந்த இத்தகைய துறைகளை ஒரே அட்டவணையில் அடுக்கினார். ஒரு துறையின் உற்பத்தி எங்கெங்குச் செல்கிறது என்பதைக் கிடைவரிசை காட்டியது. அத்துறை பிறவற்றிடமிருந்து எவற்றை வாங்குகிறது என்பதைச் செங்குத்து வரிசை காட்டியது. அமெரிக்கப் பொருளாதாரத்திற்கான அவருடைய முதல் அட்டவணை 1936-இல் வெளிவந்தது. உண்மையான புள்ளிவிவரமின்றி வெறும் கோட்பாடு பயன் தராது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இப்பணிக்காக 1973-ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

1970-இல் லியொன்டிஃப் தம் அட்டவணையில் மாசையும் சேர்த்துக் கணக்கிட்டுக் காட்டினார். ஒவ்வொரு துறையும் குறிப்பிட்ட அளவு பொருளை உற்பத்தி செய்கையில் எவ்வளவு மாசை வெளியேற்றுகிறது என்பதைத் தனி வரிசையில் எழுதினார். இதனால், நாம் வாங்கும் ஒரு பொருளுக்காக வெவ்வேறு துறைகளில் எழுந்த மாசைப் படிப்படியாகக் கூட்ட முடிந்தது. இன்று கரிம வாயுவின் அளவையும் ஆய்வாளர்கள் இம்முறையில் கணக்கிடுகின்றனர்.

இந்தச் சிந்தனை கெடாவையும் எட்டியது. மூடா, பெடு அணைகளின் நீரால் 1970-களில் மூடா சமவெளியில் ஆண்டுக்கு இருமுறை நெல் விளைந்தது. அத்திட்டத்தின் பயனை ஆராய்ந்தவர்கள், லியொன்டிஃப் அட்டவணையை விரிவாக்கிப் பயன்படுத்தினர். 1982-இல் அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது. திட்டத்தால் நேரடியாகப் பெருகிய ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும், அவ்வட்டாரத்தின் பிற துறைகளில் ஏறத்தாழ 80 சென் கூடுதலாக உருவானதாக அது மதிப்பிட்டது. வயலின் வளம் கடைக்கும் பட்டறைக்கும் போக்குவரத்துக்கும் பரவியது.

அந்த ஆய்வு வருமானத்தை அளந்தது. எனினும், வருமானம் செல்லும் பாதையிலேயே கரிம வாயுவும் பெருகுகிறது. நீர் தேங்கிய வயல் மீத்தேனை வெளியிடுகிறது. உழவு இயந்திரமும் அரிசி ஆலையும் எரிபொருளையும் மின்சாரத்தையும் செலவிடுகின்றன. அரிசியை உண்பவரோ வேறு மாநிலத்தில் இருக்கலாம். கையுறையை அணிபவர் வேறு நாட்டில் இருக்கலாம். அப்படியிருக்க, முழுப் பழியையும் உழவர்மீதும் தோட்டத் தொழிலாளர்மீதும் சுமத்துவது முறையாகாது.

லியொன்டிஃப் 1999-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் காலமானார். புகை எழும் இடத்தை மட்டும் பார்க்காமல், அது யாருடைய தேவைக்காக எழுகிறது என்றும் கேட்க அவருடைய அட்டவணை நமக்குக் கற்றுத் தருகிறது. பொறுப்பை நேர்மையாகப் பகிர்ந்துகொள்ள அக்கேள்வியே முதற்படியாகும்.