டான் டிரம்மண்ட்: துயரத்தின் குழலோசை

உழைத்துக் களைத்தவன் தன் ஓய்வு வேளையை எவ்வாறு கழிக்கிறான் என்று பார்த்தால், அவன் வாழும் சமுதாயத்தின் உண்மை உருவம் விளங்கும். சமூகவியல் கூறும் இப்பாடத்திற்கு ஜமைக்கா நாட்டு இசைக் கலைஞர் டான் டிரம்மண்டின் வாழ்க்கை ஒரு சான்று.

கிங்ஸ்டன் நகரில் வறுமையில் வளர்ந்த அவர், கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஆல்பா ஆண்கள் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஆதரவற்ற சிறுவர்க்குத் தொழில் கற்பித்த பள்ளி அது. அங்கே தையலைப் போல வாத்திய இசையும் ஒரு தொழிலே. டிராம்போன் என்னும் பித்தளைக் குழலை ஏந்திய டிரம்மண்ட், இளையோருக்குக் கற்பிக்கும் அளவுக்கு உயர்ந்தார்.

நகரின் உயர்தரக் கேளிக்கை விடுதிகளில் ஏழைக்கு வழியில்லை. அதனால் ஏழைகள் ஆடாமல் இருந்தார்களா? இல்லை! திறந்த வெளிகளில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, அமெரிக்க இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுத் தமக்கென ஓர் அரங்கைப் படைத்துக்கொண்டனர். 1950களின் இறுதியில் அந்த ஆட்டங்களுக்காக உள்ளூரிலேயே பாட்டுகளைப் பதிவு செய்தனர். அவ்வாறு பிறந்ததே ஸ்கா. தாளத்தின் அடிகளுக்கு இடையே கிட்டாரும் பியானோவும் வெட்டி ஒலிப்பது அதன் அடையாளம். 1962இல் நாடு விடுதலை பெற்றபோது மக்களின் களிப்பெல்லாம் அவ்விசையில் துள்ளியது.

1964இல் தோன்றிய ஸ்கட்டலைட்ஸ் குழுவில் டிரம்மண்ட் இயற்றிய மெட்டுகள் தனித்து நின்றன. துள்ளும் தாளத்தின் மேல் ஆழ்ந்த சோகம் இழையும். ஒன்றை எண்ணிப் பாருங்கள்: ஆடியவர்க்கு அது ஓய்வு, ஊதியவர்க்கு அதுவே உழைப்பு. வாசித்தவர்க்குச் சிறு கூலி. தட்டு விற்ற ஆதாயமோ பெரும்பாலும் பதிவு முதலாளிக்கு.

மனநோய் அவரை நெடுங்காலம் வாட்டியது. 1965 ஜனவரித் தொடக்கத்தில், தம்முடன் வாழ்ந்த நடனக் கலைஞர் மார்கரீட்டாவைக் கத்தியால் குத்திக் கொன்றார். கலையின் பெருமை அக்கொடுமையை மறைக்கலாகாது. சித்தம் கலங்கியவர் எனத் தீர்ப்பாகி, பெல்வியூ மருத்துவமனையில் அடைக்கப்பட்ட அவர், 1969 மே 6இல் அங்கேயே மறைந்தார்.

இசையோ கடல் கடந்தது. அவரிடம் பயின்ற ரிக்கோ ரோட்ரிகஸ் 1961இல் இங்கிலாந்து சென்றார். 1979இல், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்திசைத்த கவென்ட்ரியின் ஸ்பெஷல்ஸ் குழுவோடு அவர் குழலும் ஒலித்தது. உடையாலும் இசையாலும் இளைஞர்கள் ஆதிக்கப் பண்பாட்டை மறுப்பதைத் துணைப்பண்பாடு என்னும் கருத்தால் விளக்கி, டிக் ஹெப்டிஜ் நூல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

தோழர்களே! கேளிக்கைதானே என்று எதையும் தள்ளிவிட வேண்டா. நம் இன்பத்திற்காக உழைத்தவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன என்று கேட்கப் பழகுவோம்.