ஆல்ஃபிரட் ஃபிளாட்டோ

கல்லூரி மைதானத்தின் ஓரத்திலே தேகாப்பியாசத்திற்கென்று நாட்டப்பட்டிருக்கும் 'பாரலல் பார்ஸ்' என்னும் இணைச்சட்டங்களை மாணவருள் அறியாதார் இலர். மாலைதோறும் இளைஞர் பலர் அவற்றின்மீது கைகளை ஊன்றி ஊசலாடுதலையும், தலைகீழாய் நிற்றலையும் காண்கின்றோம். ஆயினும், அச்சட்டங்கள் எந்நாட்டில் தோன்றின என்பதையும், இக்காலத்து ஒலிம்பிக் பந்தயத்தில் அவற்றின்மீது முதல் வெற்றி பெற்றவர் யாவர் என்பதையும் அறிந்தவர் சிலரே. அவ்வீரர் ஜெர்மனி தேசத்து ஆல்ஃபிரட் ஃபிளாட்டோ என்பார். அவரது வெற்றியின் வரலாறு சிறியது; ஏப்ரல் மாதத்து இரண்டு நாட்களுள் முடிந்தது. வெற்றிக்குப்பின் நிகழ்ந்த வரலாறோ நெடியது, நெஞ்சை வருத்துவது. எனினும், ஏதேனும் ஒரு சங்கத்தில் அங்கத்தினராயிருக்கும் ஒவ்வொருவரும் அறியத்தக்கது அது. ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி எழுதலுற்றோம்.

ஜெர்மானியருக்குத் தேகாப்பியாசம் என்பது வெறும் பொழுதுபோக்கன்று. நெப்போலியனுடைய சேனைகள் தம் நாட்டை அடிப்படுத்தியிருந்த காலத்தில், இளைஞரின் உடலையும் ஊக்கத்தையும் ஒருங்கே வலிமைப்படுத்த விரும்பிய யாஹ்ன் என்னும் ஆசிரியர், 1811-ம் ஆண்டில் பெர்லின் நகரின் புறத்தேயுள்ள ஹாஸன்ஹைடெ என்னுமிடத்தில் ஒரு பயிற்சிக்களம் அமைத்தார். இணைச்சட்டங்களும், ஒற்றைச்சட்டம் எனத்தகும் 'ஹரிசாண்டல் பா'ரும் அக்களத்திலேதான் உருப்பெற்று உலகெங்கும் பரவின. அரசாங்கத்தார் இப்பயிற்சியை ஐயுற்று 1820 முதல் 1842 வரை தடைசெய்தும் அஃது அழிந்திலது. பின்னர் ஊர்தோறும் தேகாப்பியாச சங்கங்கள் கிளைத்தன. 1868-ல் அவையெல்லாம் ஒன்றுகூடி ஜெர்மன் தேகாப்பியாச சம்மேளனமாயின. தேசபக்தியும் சகோதரத்துவமும் அச்சம்மேளனத்தின் கொள்கைகளெனப் பேசப்பட்டன. ஆனால், யாஹ்ன் ஊன்றிய விதையிலேயே ஒரு நச்சுப் பருப்பும் கலந்திருந்தது. அந்நியரையும் யூதரையும் அவர் வெறுத்து எழுதியவர். அந்நஞ்சு எப்போது முளைத்தது என்பதைப் பின்னே காண்போம்.

ஃபிளாட்டோ 1869-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ம் தேதி டான்ஸிக் நகரில் ஒரு யூத குடும்பத்தில் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தில் பிரஷிய ராஜ்யத்தைச் சேர்ந்தது. இன்று கிடான்ஸ்க் என்னும் பெயருடன் போலந்து நாட்டில் உள்ளது. பதினெட்டு வயதளவில், 1887-ல், இவர் பெர்லினுக்கு வந்தார். வந்த ஆண்டிலேயே அங்குள்ள பெரிய தேகாப்பியாச சங்கமொன்றிற் சேர்ந்தார். பின்னர்த் தேகாப்பியாச ஆசிரியராகவும் தேர்ந்தார். படைக்குச் சென்று தம் நாட்டுக்குரிய சேவையும் செய்தார். இவருடைய ஒன்றுவிட்ட தம்பியாகிய குஸ்டாவ் ஃபீலிக்ஸ் ஃபிளாட்டோ என்பவரும், இவரினும் ஐந்து வயது இளையவர், இப்பயிற்சியிலேயே கருத்தூன்றி நின்றார்.

இந்நிலையில், பிரான்சு தேசத்துக் கூபர்த்தேன் பிரபுவின் முயற்சியால், பண்டைக் கிரேக்கரின் ஒலிம்பிக் பந்தயங்களை 1896-ல் ஏதென்ஸ் நகரில் மீண்டும் நடத்துவதென்று தீர்மானமாயிற்று. ஜெர்மன் சம்மேளனத்தார் அதற்கு இசைந்திலர். அவர்தம் எதிர்ப்புக்குக் காரணங்கள் இரண்டு. பகைநாடாகிய பிரான்சில் பிறந்த எண்ணம் என்பது ஒன்று. மற்றொன்று கொள்கை பற்றியது. பலர் கூடி ஒருங்கே செய்யும் பயிற்சியே தேகாப்பியாசம் எனவும், பரிசுக்காக ஒருவரையொருவர் முந்த முயல்வது ஜெர்மானியப் பண்பிற்கு ஒவ்வாத அயல்நாட்டு வழக்கம் எனவும் அவர்கள் கருதினர். ஆயினும் வில்லிபால்ட் கெப்ஹார்ட் என்னும் பெர்லின் அறிஞர் தளராது முயன்று, தேகாப்பியாச வீரர் பதின்மர் அடங்கிய ஓர் அணியைத் திரட்டினார். ஃபிளாட்டோ சகோதரர் இருவரும் அவ்வணியில் இருந்தனர். சம்மேளனத்தின் விருப்பத்திற்கு மாறாகவே அவர்கள் புறப்பட்டனர்.

ஏதென்ஸ் நகரில், பழைய அஸ்திவாரத்தின்மேல் வெண்பளிங்கினாற் புதுக்கப்பெற்ற அரங்கின் திறந்த வெளியிலே பந்தயங்கள் நிகழ்ந்தன. ஏப்ரல் 9-ம் தேதி இணைச்சட்டத்தில் அணிகளுக்கிடையே போட்டி நடந்தது. கிரேக்க அணிகள் இரண்டினையும் வென்று ஜெர்மானியர் முதன்மை பெற்றனர். ஒற்றைச்சட்டத்தில் அவர்களை எதிர்த்து வேறு அணி எதுவும் களத்தில் இறங்கவில்லை. அவ்வெற்றியும் அவர்களுக்கே உரியதாயிற்று. அன்றே ஒற்றைச்சட்டத்தில் தனிவீரர் போட்டியும் நிகழ்ந்தது. அதில் ஹெர்மன் வைன்கார்ட்னர் என்னும் தம் தோழருக்கு அடுத்து ஃபிளாட்டோ இரண்டாவதாக வந்தார்.

மறுநாள் இணைச்சட்டத்தில் தனிவீரர் போட்டி. இப்பயிற்சியின் அருமையைச் செய்து பார்த்தவரே அறிவர். உடலின் பாரம் முழுவதும் இரு தோள்களிலும் உள்ளங்கைகளிலும் தங்கும். முன்னும் பின்னும் வீசியாடும் உடலை வேண்டிய கணத்தில் அசையாது நிறுத்தல் வேண்டும். வலிமையைக் காட்டுவதினும் அதனை அடக்குவதே கடினம். இப்போட்டியில், முந்திய நாள் குதிரைப் பயிற்சியில் வாகை சூடிய ஸ்விட்ஸர்லாந்து வீரர் லூயி ஸூட்டரையும் பின்னிடச்செய்து ஃபிளாட்டோ முதலிடம் பெற்றார். குதிரைத் தாண்டல், வளையம் முதலியவற்றிலும் அவர் கலந்துகொண்டார். அவற்றில் பரிசு வாய்க்கவில்லை. ஆக, முதற்பரிசு மூன்றும் இரண்டாம் பரிசு ஒன்றும் அவருக்குக் கிட்டின. அக்காலத்தில் முதல்வருக்குப் பொற்பதக்கம் அளிக்கும் வழக்கம் இல்லை. வெள்ளிப்பதக்கமும் ஒலிவக்கிளையுமே அளித்தனர். ஏப்ரல் 15-ம் தேதி கிரேக்க மன்னர் ஜார்ஜ் பரிசுகளை வழங்கினார்.

தாய்நாட்டுக்குப் புகழ் தேடித் தந்தவர்களுக்குத் தாய்நாட்டில் எத்தகைய வரவேற்பு இருந்திருக்கும் என நினைக்கிறீர்கள்? சம்மேளனத்தார் அவர்களைப் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தனர். கட்டளையை மீறி அந்நியரோடு பந்தயமாடியதே குற்றம். அக்குற்றம் பதின்மருக்கும் பொது, தண்டனையும் அத்தகையதே. ஆகவே அதனை ஒரு குடும்பத்துள் நிகழ்ந்த பிணக்கென்று ஃபிளாட்டோ பொறுத்திருத்தல் கூடும். தம் சங்கத்தை அவர் துறக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இதற்கிடையில், ஆஸ்திரியாவிலிருந்த ஜெர்மானியச் சங்கங்கள் சில 1887 முதலாகவே யூதரைச் சேர்க்க மறுத்து வந்தன. ஜெர்மனியிற் பெரும்பாலான சங்கங்கள் அவ்வாறு செய்யவில்லை. எனினும் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை யூத வாலிபர் உணர்ந்தனர். தமக்கெனச் சங்கங்கள் கண்டனர். 1903-ல் அவை ஒன்றுசேர்ந்து யூதர் தேகாப்பியாச சம்மேளனமாக உருப்பெற்றபோது அதனைத் தோற்றுவித்தவருள் ஃபிளாட்டோவும் ஒருவர். ஆயினும், பழைய பெர்லின் சங்கத்தின் தொடர்பை அவர் அறுத்துக்கொள்ளவில்லை. யூதராயிருத்தலும் ஜெர்மானியராயிருத்தலும் தம்முள் முரணாவன அல்ல என்பதை அவரது வாழ்வே காட்டிற்று.

1933-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அப்போது ஜெர்மனியிலிருந்த யூதர் ஏறக்குறைய ஐந்து லக்ஷம். மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட அல்லர். ஏப்ரல் மாதத்திலேயே தேகாப்பியாச சம்மேளனத்தார் யூதரை அங்கத்தினர் பதவியினின்று நீக்க விதி வகுத்தனர். சங்கங்களை அவ்வாறு செய்யுமாறு பணித்த அரசாங்கச் சட்டம் எதுவும் அன்று இல்லை. புதிய ஆட்சியாளரின் மனத்தை மகிழ்விக்கத் தலைவர்கள் தாமே முந்திக்கொண்டனர். ஜூலை மாதத்தில் ஸ்டுட்கார்ட் நகரில் நடக்கவிருந்த மகாநாட்டு விழாவிற்குள் சங்கங்கள் 'தூய்மை'யாகிவிட வேண்டுமென்பது அவர்கள் எண்ணம். விழாவிற்கு ஹிட்லரும் வந்தார். அவ்வாண்டிலேயே ஃபிளாட்டோ தம் சங்கத்தை விட்டு நீங்க நேர்ந்தது. இளைஞராய்ப் புகுந்தவர், நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், அறுபத்து நான்கு வயதில் வெளியேறினார். 1896-ல் அவரைத் தண்டித்தது அவர் செய்த செயலுக்காக. இப்பொழுது நீக்கியதோ அவர் பிறந்த பிறப்புக்காக.

மூன்றாண்டு கழிந்தது. 1936-ல் ஒலிம்பிக் பந்தயங்கள் பெர்லினிலேயே நிகழ்ந்தன. இணைச்சட்டத்தில் கான்ராட் ஃப்ரை என்னும் ஜெர்மானிய இளைஞர் வெற்றி பெற்றார். ஜெர்மனியின் சார்பில் அப்பயிற்சியில் தனிவீரராக முதலிடம் பெற்றவர் அவருக்குமுன் ஒருவரே. அவ்வொருவர் ஃபிளாட்டோ. இரு வெற்றிகளுக்கும் இடைப்பட்ட காலம் நாற்பதாண்டு. அம்முதியவர் அப்போது அதே பெர்லினில் வாழும் யூதர். அதற்கு முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட நூரெம்பெர்க் சட்டங்களால் ஜெர்மன் பிரஜையின் உரிமைகளையும் இழந்திருந்தார். நாட்டிற்கு அவர் ஈட்டித் தந்த வெற்றியோ நாட்டின் கணக்கிலேயே இருந்தது!

தம்பியார் குஸ்டாவ் 1933-லேயே ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகருக்குக் குடிபெயர்ந்தார். ஆல்ஃபிரட் பெர்லினை விட்டகலவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல யூதரின் வாழ்வு குறுகிக்கொண்டே வந்தது. 1938 நவம்பரில் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. 1939-ல் வானொலிப் பெட்டிகள் பறிக்கப்பட்டன. 1941 செப்டம்பர் முதல் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தே தெருவில் நடத்தல் வேண்டும் என்றனர். அடுத்த மாதமே வெளிநாடு செல்லும் வழியும் அடைக்கப்பட்டது. பின்னர் ரயில் வண்டிகள் புறப்பட்டன.

1942-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ம் தேதி ஃபிளாட்டோவை பெர்லினிலிருந்து நாடு கடத்தினர். அன்று அவருக்கு எழுபத்து மூன்றாவது பிறந்தநாள். கொண்டு சென்ற இடம் பொஹீமியாவிலுள்ள தெரேஸியன்ஸ்டாட் என்னும் பழைய கோட்டைநகர். முதியோர் அமைதியாக வாழ்வதற்குரிய இடமென்று நாஜிகள் அதனைப் பற்றிப் பேசினர். அங்கே இடமும் பராமரிப்பும் தருவதாக ஒப்பந்தம் எழுதி முதியோரின் சேமிப்பையும் கவர்ந்தனர். உண்மை யாதெனில், யுத்தத்திற்குமுன் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் வாழ்ந்த அவ்வூரில் 1942 செப்டம்பரில் ஐம்பத்தெட்டாயிரம் பேர் அடைக்கப்பட்டிருந்தனர். வேலை செய்ய இயலாத முதியோருக்கு மற்றையோரினும் குறைவான உணவே அளந்தனர். அவ்வாண்டில் மட்டும் அங்கே ஏறக்குறைய 16,000 பேர் மாண்டனர். அவருள் ஒருவர் ஃபிளாட்டோ. டிசம்பர் 28-ம் தேதி பசியால் அவரது உயிர் நீங்கிற்று. உலகத்தார் முன்னிலையில் தம் உடலை இரு கைகளால் தாங்கிக் காட்டியவர், ஒரு பிடி உணவின்றி மடிந்தார். ஹாலந்தில் ஒளிந்து வாழ்ந்த குஸ்டாவும் பிடிபட்டு, அவ்வூருக்கே கொண்டுபோகப்பட்டார். 1945 ஜனவரியில் அவரும் பசியாலேயே இறந்தார். அதற்குப்பின் நான்கு மாதங்கள் செல்லுமுன் ஐரோப்பாவில் யுத்தம் முடிந்தது.

யுத்தத்திற்குப்பின் நெடுங்காலம் இவ்விருவரையும் நினைத்தவர் அரியர். 1987-ல் தான் புதிய ஜெர்மன் தேகாப்பியாச சங்கத்தார் ஃபிளாட்டோ பெயரால் ஒரு பதக்கம் ஏற்படுத்தினர். 1996-ல், ஒலிம்பிக் பந்தயங்களின் நூறாவது ஆண்டில், சகோதரர் இருவரையும் காட்டும் தபால் தலை வெளிவந்தது. 1997-ல் பெர்லின் ஒலிம்பிக் அரங்கின் அருகேயுள்ள வீதியொன்றுக்கு ஃபிளாட்டோ வீதி எனப் பெயர் சூட்டினர். 1936-ல் ஹிட்லரின் பெருமைக்காக எழுப்பிய அரங்கை அடைவோர் இன்று அப்பெயரைப் படித்துக்கொண்டே செல்கின்றனர். செய்த தவற்றை ஒப்புக்கொள்வது நன்றே. ஆயினும் கல்லிற் பொறித்த பெயருக்குப் பசியில்லை. பசித்திருந்த மனிதருக்கு அன்று சோறிட்டார் இலர்.

நண்பர்களே! இச்சரித்திரத்தைப் படிக்குங்கால் ஹிட்லரின் கொடுமையை மட்டும் எண்ணி நம் மனம் கொதித்து அடங்கிவிடுதல் எளிது. நாம் எண்ணவேண்டியது மற்றொன்று. 1933 ஏப்ரலில் அவ்விதியை வகுத்தவர் கொலைஞர் அல்லர். தேகாப்பியாச சங்கத்தின் நிர்வாகிகள். அதற்கு அடங்கி நின்றோர், ஃபிளாட்டோவோடு ஒரே களத்தில் வியர்வை சிந்தியவரும் அவரிடம் பயிற்சி கற்றவரும் ஆவர். சங்கமென்பது கட்டிடமும் கருவிகளும் அன்று. அங்கத்தினர் ஒருவரையொருவர் கைவிடாமையே சங்கம். அஃதொழிந்த இடத்தில் எஞ்சுவன மரச்சட்டங்களே.

நாமும் விடுதியிலும் விளையாட்டுக் குழுவிலும் பற்பல கழகங்களிலும் அங்கத்தினராயிருக்கிறோம். நம்முள் ஒருவரைப் பிறப்புப் பற்றி ஒதுக்கும் சொல் ஒருநாள் எழலாம். முதலில் அது சிறிய சொல்லாகவே எழும். அப்பொழுது வாய் திறப்பதற்கு வேண்டிய வலிமை, தோளில் வளர்வதன்று. ஆனால் அதுவும் பயிற்சியாலேயே வரும். மாலையில் இணைச்சட்டங்களைப் பற்றும்போது ஃபிளாட்டோவை ஒருகணம் நினைப்போமாக.